அரியலூர் வழியாகப் போன கடிகாரங்கள்

பெரம்பலூர்
14.6.2005

மேடம் அவர்களுக்கு,

துறைமங்கலம் டயர் கடை செல்லதுரை எழுதுவது. பெயர் சொன்னால் தெரியாது என்றால், போன மாதம் நெட் ஏலத்தில் உங்களுக்குப் பழைய ஃபேவர் லூபா வாட்ச் விற்ற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்சல் அனுப்பிய விலாசம் என்னிடம் இருந்தது.

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க மனம் வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு இங்கிலீஷ் பிடிபடாது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் அம்சவள்ளிதான் என் வாட்ச்களைப் படம் எடுத்து ஏலத்தில் போடுவது, வருகிற பதிலைப் படித்துச் சொல்வது எல்லாம். நேற்று போனபோது அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னது: "அண்ணே, ஒங்க பேருக்குப் பக்கத்துல செவப்புக் குறி வுழுந்துருக்கு. அரியலூர் மேடம் போட்டுருக்காங்க. டயலு பெயிண்ட் அடிச்சதாம், ஒரிஜினல்னு சொன்னது பொய்யாம்." அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டயர் கடை என் தொழில். பழைய வாட்ச் என் ஆசை. ரெண்டு வருஷமாக நெட்டில் விற்கிறேன். மைசூர், பம்பாய், கொச்சி என்று என் முகத்தைப் பார்க்காதவர்கள்தான் வாங்குகிறார்கள். எல்லாரும் பச்சைக் குறி போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்த ஆள் பணம் அனுப்புகிறான். உங்கள் ஒரு வரியைப் பார்த்துவிட்டு, போன வாரம் விலை பேசிய மங்களூர்க்காரர் பின்வாங்கிவிட்டார்.

வாட்ச் ஓடுகிறதா இல்லையா? டயலில் குறை என்றால் எனக்கு முதலில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு மணி நேர பஸ் தூரம். அதை விட்டுவிட்டுப் பொய் என்று உலகத்துக்கே தெரிய எழுதுவது என்ன நியாயம்? பழசில் ரப்பர் ஒட்டி ரீட்ரெடிங் செய்த டயரைப் புதுசு என்று நான் ஒருத்தனுக்கும் கொடுத்ததில்லை.

இதை அம்சவள்ளி படிக்க வேண்டாம் என்றுதான் தபாலில் எழுதுகிறேன். போன் நம்பர் கொடுத்தால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். குறியை எடுத்துவிடவும்.

கோ. செல்லதுரை

*

அரியலூர்
18.6.2005

திரு. செல்லதுரை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. போன் நம்பர் தருவதாக இல்லை. போனில் பேசினால் சொன்னது ஒன்று, கேட்டது ஒன்று என்று ஆகும். எழுதினால் நிற்கும்.

உங்களிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்பது சரிதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எழுதியது தவறில்லை.

டயலில் ஆறாம் எண்ணுக்குக் கீழே ஸ்விட்சர்லாந்தில் செய்தது என்று பொடி எழுத்தில் இருக்க வேண்டும். இதில் இல்லை. கம்பெனிப் பெயரில் எழுத்துகள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருக்கின்றன. பன்னிரண்டின் ஓரத்தில் பெயிண்ட் வழிந்திருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தானாகத் தெரிந்ததல்ல. பழைய கடிகாரம் சேர்ப்பவர்கள் இணையத்தில் ஒரு குழுவாக எழுதிக்கொள்கிறார்கள். படம் அனுப்பி அவர்களிடம் கேட்டேன்.

பெயிண்ட் அடித்த டயல் குற்றமில்லை. சொல்லி விற்றிருந்தால் அதற்குத் தகுந்த விலை கொடுத்து வாங்கியிருப்பேன். ஆனால் நீங்கள் ஏலத்தில் எழுதியிருந்தது இது. தமிழில் தருகிறேன்:

"எல்லாப் பாகங்களும் கம்பெனியில் பொருத்தியவை. நானே மூடியைத் திறந்து, டயலைக் கழற்றிச் சோதித்துவிட்டேன். என் குடும்பத்தின் பெயர் மேல் உத்தரவாதம்."

நான் பணம் அனுப்பியது உங்கள் பச்சைக் குறிகளுக்காக அல்ல. ‘நானே திறந்து’ என்ற அந்த வார்த்தைக்காக. நான் இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். மருந்தை நானே பார்த்து எடுத்தேன் என்று வார்டில் ஒருத்தி சொன்னால், அவள் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் சொன்னால் அதற்குப் பெயர் பொய்தான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் திறந்து பார்த்தீர்களா?

ச. அடைக்கலமேரி

*

பெரம்பலூர்
27.6.2005

சிஸ்டர் அவர்களுக்கு,

திறக்கவில்லை. மூடி திறக்கிற கருவியே என்னிடம் கிடையாது.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக அம்சவள்ளியிடம் போனேன். "இதெல்லாம் நான் எப்பம்மா சொன்னேன்?" என்று கேட்டேன்.

"நீங்க எங்கண்ணே சொன்னீங்க? ‘நல்ல வாட்ச், ஓடுது’ன்னு மட்டுந்தான் சொல்லுவீங்க. ரெண்டு வார்த்தைய வெச்சுக்கிட்டு நான் என்னா பண்றது? பம்பாய்க்காரர் ஒருத்தர் இப்புடித்தான் போட்டுருந்தாரு. அவருக்கு நல்லா வித்துச்சு. அதையே எடுத்துப் போட்டேன்."

"இந்த ஒரு வாட்ச்சுக்குத்தானே?"

"எல்லாத்துக்குந்தான்" என்றாள். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். என் நல்லதுக்குச் செய்த பெண்ணை என்னவென்று திட்டுவது? ரெண்டு வருஷமாக என்ன எழுதியிருக்கிறாய் என்று நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. பணம் வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

குடும்பத்தின் பெயர் மேல் உத்தரவாதம் என்பதை வீட்டில் சொன்னேன். "எங்கள எதுக்குங்க அதுல இழுத்து வுட்டீங்க?" என்றாள் என் மனைவி பச்சையம்மாள். அவளுக்கு இந்த வாட்ச் சமாச்சாரமே பிடிக்காது.

நீங்கள் கொடுத்த தொகையை இன்று மணியார்டர் செய்துவிட்டேன். வாட்ச்சை உங்களுக்கு வசதிப்பட்டபோது அனுப்புங்கள். பொய் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை என்பது இப்போது உங்களுக்கே தெரியும். ஆகையால் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள்.

கோ. செல்லதுரை

*

அரியலூர்
5.7.2005

திரு. செல்லதுரை அவர்களுக்கு,

மணியார்டர் வந்தது. வாட்ச்சைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

வாட்ச் கைக்கு வருமுன் பணம் அனுப்பினீர்கள். அதை மதிக்கிறேன். உங்கள் பெயருக்கு எதிரே நான் எழுதியதன் கீழே, ‘விற்றவர் பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டார், முழுப் பணமும் கொடுத்தார்’ என்று சேர்த்திருக்கிறேன். முதல் வரியை எடுக்க மாட்டேன். நடந்தது நடந்ததுதான். அதை எடுத்துவிட்டால் அடுத்து வாங்க வருகிறவருக்கு நான் பொய் சொன்னதாக ஆகும்.

கோபப்படுவீர்கள் என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். அதே வாசகத்தை நம்பி வாங்கிய மற்றவர்கள்?

ச. அடைக்கலமேரி

*

பெரம்பலூர்
2.9.2005

சிஸ்டர் அவர்களுக்கு,

மற்றவர்கள் என்று கேட்டீர்கள் அல்லவா, கேளுங்கள்.

அந்த ஒரு வார்த்தை என்னைச் சாப்பிட விடவில்லை. அம்சவள்ளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாங்கிய ஒவ்வொருவருக்கும் எழுதினேன். நான் எந்த வாட்ச்சையும் திறந்து பார்த்ததில்லை, எழுதியிருந்தது என் வார்த்தை இல்லை, வேண்டாம் என்றால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று. பாதிப் பேர் பதிலே போடவில்லை. கொச்சியில் ஒரு பெரியவர், வாட்ச் தனக்குப் பிடித்திருக்கிறது, திருப்பித் தர மாட்டேன் என்று எழுதினார். சிலர் திருப்பி அனுப்பினார்கள், வாங்கிக்கொண்டேன். என்னிடம் வாங்கிய பம்பாய்க்காரர் ஒருவர் என் கடிதத்தையே எடுத்து, இந்த ஆள் மோசடி செய்ததைத் தானே ஒத்துக்கொண்டிருக்கிறான் என்று ஏலக்காரர்களுக்கு அனுப்பிவிட்டார். அவர்கள் என் கணக்கை மூடிவிட்டார்கள். இனிமேல் என் பெயரில் ஒன்றும் விற்க முடியாது.

பேசாமல் இருந்திருந்தால் ஒரு சிவப்புக் குறியோடு போயிருக்கும். உங்கள் பேச்சைக் கேட்டு எல்லாம் போனது.

"டயர் கடைக்கு என்னா கொறச்சலு? அந்த வாட்ச் பெட்டிய எடுத்துப் பரண்ல போடுங்க" என்றாள் பச்சையம்மாள். போட்டுவிட்டேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

செல்லதுரை

*

அரியலூர்
20.11.2005

திரு. செல்லதுரை அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். தபாலைப் பிரிக்காமல் கிழித்துப்போடவும் உங்களுக்கு உரிமை உண்டு. பிரித்திருந்தால் கடைசி வரை படியுங்கள்.

உங்கள் கணக்கை மூடியதற்கு நான் காரணமா என்று யோசித்தேன். ஒரு பகுதி காரணம்தான். அதற்காக இதை எழுதவில்லை. எங்கள் குழுவில் கொச்சிப் பெரியவரும் இருக்கிறார் என்பது எனக்கே போன வாரம்தான் தெரியும். உங்கள் கடிதத்தை அங்கே எல்லாரும் படிக்கப் போட்டுவிட்டுக் கேட்டிருந்தார்: "விற்று முடிந்த பிறகு, யாரும் கேட்காமல், தன் பொருளில் குறை இருக்கலாம் என்று எழுதிய வியாபாரியை நான் இதுவரை பார்த்ததில்லை. இவர் இப்போதும் விற்கிறாரா?"

அதற்குப் பிறகு பலர் கேட்டுவிட்டார்கள். ஆனால் முன்பின் பார்க்காத ஆளுக்குப் பணம் அனுப்பத் தயக்கம். உங்களுக்கும் அதே தயக்கம் இருக்கும். அதனால் ஒரு ஏற்பாடு சொன்னார்கள். வாட்ச் முதலில் என்னிடம் வரும். நான் திறந்து, உள்ளே மெஷினையும் டயலையும் படம் எடுத்துக் குழுவில் போடுவேன். மூடி திறக்கும் கருவியும் சின்ன கேமராவும் என்னிடம் இருக்கின்றன. வாங்குகிறவர் பணத்தை என் கணக்கில் போடுவார். நான் வாட்ச்சை கொரியரில் அனுப்புவேன். கைக்கு வந்தது, சரியாக இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகு பணம் உங்களுக்கு வரும். எனக்கு இதில் பங்கு எதுவும் வேண்டாம்.

ஒரு நிபந்தனை. ஒவ்வொரு வாட்ச்சைப் பற்றியும் நீங்களே உங்கள் கையால் தமிழில் எழுதித் தர வேண்டும். வார்த்தை மாற்றாமல் நான் இங்கிலீஷில் போடுவேன்.

முடியாது என்றால் ஒரு கார்டு போதும்.

ச. அடைக்கலமேரி

*

பெரம்பலூர்
28.11.2005

சிஸ்டர் அவர்களுக்கு,

பிரிக்காமல் நாலு நாள் கல்லாப்பெட்டியில் வைத்திருந்தேன். பச்சையம்மாள்தான், "அந்தம்மா திட்டறதா இருந்தா இத்தினி மாசம் கழிச்சா எழுதும்? பிரிச்சுப் பாருங்க" என்றாள்.

வாட்ச் ஒன்று அனுப்பியிருக்கிறேன். எழுத்து கீழே.

‘சிட்டிசன், சாவி கொடுக்கிற வாட்ச். வாலிகண்டபுரத்தில் தர்மராஜ் வாத்தியார் வீட்டில் வாங்கியது. அவர் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் கீறல் உண்டு. வார் புதுசு, நான் போட்டது. சாவித் திருகு கம்பெனியுடையதா என்று தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. டயல் பார்க்க நன்றாக இருக்கிறது, பழசா பெயிண்டா என்று சொல்ல எனக்குத் தெரியாது. தினமும் கொஞ்சம் பின்தங்கும். வாத்தியாரும் அப்படித்தான், மணி அடித்த பிறகுதான் வகுப்புக்கு வருவார்.’

கடைசி வரியை வேண்டுமானால் எடுத்துவிடுங்கள்.

இத்தனை ‘தெரியாது’ போட்டு எவன் வாங்குவான் என்று எனக்குப் புரியவில்லை.

கோ. செல்லதுரை

*

அரியலூர்
9.1.2006

செல்லதுரை சார்,

கடைசி வரியை எடுக்கவில்லை. அதைப் படித்துவிட்டுத்தான் மைசூர்க்காரர் வாங்கினார். டயல் பழசுதான், ஒரிஜினல். திருகு மாற்றியது. ரெண்டையும் படத்தோடு போட்டேன்.

கொச்சிப் பெரியவர் எழுதியது: "இவர் தெரியாது என்று சொல்வதால், தெரியும் என்று சொல்வதை நம்பலாம்."

அடுத்த மூன்று வாட்ச்களும் போய்ச் சேர்ந்துவிட்டன, பணம் அனுப்பியிருக்கிறேன். செந்துறைப் பக்கம் வெஸ்ட் எண்ட் வாட்ச் ஒன்று பார்த்ததாக எழுதியிருந்தீர்களே, அதைக் கோயம்புத்தூரில் ஒரு ஆடிட்டர் கேட்கிறார். பத்ரிநாதன் என்று பெயர். நல்ல விலை தருவார்.

பச்சையம்மாள் அக்காவுக்கு என் வணக்கம்.

அடைக்கலமேரி

*

அரியலூர்
3.3.2006

செல்லதுரை சார்,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

வெஸ்ட் எண்ட் வாட்ச்சைப் போன மாதம் கோயம்புத்தூருக்கு அனுப்பினேன். நானே துணியில் சுற்றி, பெட்டியில் வைத்து, டேப் ஒட்டி, கொரியர் ஆபீஸில் நேரில் கொடுத்தேன். ஆடிட்டர் வெளியூர் போயிருந்தாராம். திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால் துணி மட்டும் இருக்கிறது, வாட்ச் இல்லை என்று குழுவில் எழுதிவிட்டார். உள்ளே வாட்ச் வைத்ததற்கு என்ன சாட்சி என்று கேட்கிறார். சாட்சி இல்லை. நான் மட்டும்தான் இருந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எழுதுகிறார்கள். வாட்ச்சும் பணமும் ஒரே ஆளிடம் இருந்தால் இப்படித்தான் ஆகும் என்கிறார் ஒருவர். நர்ஸும் டயர்க்காரரும் கூட்டு, முதல் நாலு வாட்ச் ஆசை காட்ட அனுப்பியது என்கிறார் இன்னொருவர். உங்கள் பெயரையும் இழுத்துவிட்டார்கள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்க்கும் டாக்டரும் அந்தக் குழுவில் இருக்கிறார். அவர்தான் எனக்கு அதை அறிமுகப்படுத்தியவர். அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நேற்று ஹெட் நர்ஸ் கூப்பிட்டு, "மேரி, மருந்து பீரோ சாவி கொஞ்ச நாளைக்கு ஆண்டாயி சிஸ்டர்கிட்ட இருக்கட்டும்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக என் இடுப்பில் இருந்த சாவி.

பணம் என் கணக்கில் அப்படியே இருக்கிறது. உங்களுக்கும் தர முடியாது, அவருக்கும் தர முடியாது. நீங்கள் என்னை நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உங்களைப் பற்றி நான் எழுதியது எனக்கு நினைவிருக்கிறது.

அடைக்கலமேரி

*

பெரம்பலூர்
6.3.2006

சிஸ்டர்,

வாட்ச் பெட்டிக்குள் இருந்தது. நீங்கள் வைத்தீர்கள். இதில் எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை.

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறான் என்று நினைப்பீர்கள். நான் கெஞ்சியும் அந்தச் சிவப்புக் குறியை நீங்கள் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஒரு நஷ்டமும் உங்களுக்கு இல்லை. பொய்யை எழுத்தில் போட மாட்டேன் என்று அடம்பிடித்த ஆள் ஒரு வாட்ச்சை எடுத்து ஒளித்து வைக்கும் என்று சொன்னால், எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

அம்சவள்ளியிடம் சொல்லிக் குழுவில் என் பெயரிலேயே எழுதச் சொன்னேன். முதலில் தமிழில் எழுதி, அவள் மாற்றியதை வரிவரியாகத் திரும்பக் கேட்டுவிட்டுத்தான் அனுப்பவிட்டேன். வாட்ச் என்னுடையது, போன நஷ்டமும் என்னுடையது, ஆடிட்டருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன், சிஸ்டரை யாரும் ஒரு சொல் சொல்ல வேண்டாம் என்று.

பணத்தை அவருக்கு அனுப்பிவிடுங்கள். சனியன் தொலைந்தது என்று விடுங்கள்.

செல்லதுரை

*

அரியலூர்
10.3.2006

செல்லதுரை சார்,

நீங்கள் எழுதியதைக் குழுவில் படித்தேன். நன்றி என்று ஒரு வார்த்தையில் முடிக்க முடியாது.

ஆனால் பணத்தை அனுப்ப மாட்டேன். என்னைக் கேட்காமல் நீங்கள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இப்போது நான் கொடுத்தால், எடுத்தவள் பயந்துபோய்க் கொடுத்துவிட்டாள் என்றுதான் அர்த்தம். உங்களுக்கு வாட்ச்சும் போய்ப் பணமும் போகும், எனக்குப் பெயர் போகும். காணாமல் போன வாட்ச் காணாமல் போனதாகவே இருக்கும். இதில் யாருக்கு என்ன தீர்ந்தது?

கொரியர் ஆபீஸுக்கு மூன்று முறை போய்விட்டேன். கொடுத்தபோது இருந்த எடை, போய்ச் சேர்ந்தபோதும் இருந்ததாம். வீட்டில் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்களாம். யார் கையெழுத்து என்று கேட்டால், படிக்க முடியவில்லை, கிறுக்கலாக இருக்கிறது என்கிறார்கள். ஆடிட்டருக்கு எழுதிக் கேட்டேன். உங்களோடு இனிப் பேச்சில்லை, வக்கீல் பேசுவார் என்று பதில் வந்தது.

வரட்டும். நான் இங்கேயேதான் இருப்பேன்.

அடைக்கலமேரி

*

பெரம்பலூர்
29.3.2006

சிஸ்டர்,

கோயம்புத்தூர் போய்விட்டு நேற்றுத்தான் திரும்பினேன். டயருக்கு ரப்பர் எடுக்க எப்படியும் போக வேண்டியிருந்தது. அப்படியே பேரைச் சொல்லி விசாரித்து ஆடிட்டர் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். உங்களிடம் சொன்னால் தடுப்பீர்கள் என்று சொல்லவில்லை.

பெரிய வீடு. பத்ரிநாதன் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார். "எதுவா இருந்தாலும் என் வக்கீல்கிட்டப் பேசுங்க."

"சண்டைக்கு வரலீங்க சார். வாட்ச் வித்தவன் நான். ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டுப் போயிடறேன். பார்சல் வந்தப்ப வூட்ல யாரு கையெழுத்துப் போட்டு வாங்குனாங்க?"

"என் மனைவி வாங்கியிருப்பா."

"அவங்களக் கேட்டீங்களா?"

அவர் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது சிஸ்டர். ஊர் உலகத்தையெல்லாம் கேட்டிருக்கிறார், வீட்டுக்குள் கேட்கவில்லை. வாட்ச் வாங்குவது வீட்டில் தெரிந்தால் திட்டு விழும் என்று மறைத்து வைத்திருக்கிறார். என் வீட்டுக் கதைதான்.

அதற்குள் அந்த அம்மாவே உள்ளே இருந்து வந்துவிட்டார். "நான் வாங்கலீங்களே. அன்னிக்கு நான் ஸ்கூலுக்குப் போயிட்டேன். பொள்ளாச்சியிலிருந்து அப்பா வந்திருந்தாரு. அவர்தான் ஏதோ வந்துச்சுன்னு பீரோவுல வெச்சாரு."

ஆடிட்டர் முகம் மாறிவிட்டது. அந்த அம்மாவே போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"அப்பா, அன்னிக்கு வந்த பெட்டியில வாட்ச் இருந்துச்சா?"

"இருந்துச்சே. கட்டியிருக்கறனே. பெட்டியத் திரும்ப ஒட்டித்தான் பீரோவுல வெச்சேன். எனக்குத்தான் மாப்பிள்ளை சஷ்டியப்தபூர்த்திக்கு வாங்கியிருக்காருன்னு நெனச்சேன். நல்ல வாட்ச்சுங்கம்மா, சாவி குடுத்தா ஒரு நாள் பூரா ஓடுது. மாப்பிள்ளைகிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன். அவர் ஊர்லயே இருக்கறதில்லையே."

போனை வைத்துவிட்டு அந்த அம்மா கணவரைப் பார்த்து, "என்ன வாட்ச்? எவ்வளவு?" என்று கேட்டார். நான் கிளம்பிவிடலாம் என்று பார்த்தேன். அதற்குமேல் அது அவர்கள் குடும்ப விஷயம். ஆடிட்டர்தான் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார், காபி கொடுத்தார். "அந்த சிஸ்டர்கிட்ட நான் எப்படிங்க பேசுவேன்?" என்றார்.

"குழுவுல எல்லாருக்கும் தெரியத்தானே கேட்டீங்க? அங்கயே சொல்லிடுங்க" என்றேன். என் எதிரிலேயே உட்கார்ந்து எழுதினார். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்பதால், வாய்விட்டு ஒருமுறை தமிழிலும் சொல்லிக் காட்டினார். ஒன்றையும் மறைக்கவில்லை. மாமனார் கட்டிக்கொண்டதைக்கூட எழுதினார். மாமனாரிடம் வாட்ச்சைத் திருப்பிக் கேட்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்று தலையை ஆட்டினார்.

ஆக இதில் ஒருத்தரும் பொய் சொல்லவில்லை சிஸ்டர். நீங்கள் வைத்தது நிஜம். ஆடிட்டருக்குப் பெட்டி காலியாக இருந்ததும் நிஜம். பெரியவர் ஆசையாகக் கட்டிக்கொண்டதும் நிஜம். இந்த மூன்று பேருக்கும் நடுவில் ஒரு கேள்வி கேட்க ஆளில்லாமல் போனதுதான்.

கோ. செல்லதுரை

*

அரியலூர்
20.4.2006

செல்லதுரை அண்ணனுக்கு,

உடனே பதில் எழுதாததற்குக் கோபிக்க வேண்டாம். தவக்கால வேலைகள், வார்டில் அம்மை வந்த பிள்ளைகள், இதெல்லாம் இருந்தன. ஆனால் அதெல்லாம் காரணம் இல்லை. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

ஆடிட்டர் குழுவில் எழுதியதைப் படித்தேன். தனியாகவும் எனக்கு எழுதினார். வெஸ்ட் எண்ட் பணத்தை உங்களுக்கு அனுப்பிவிட்டேன், வந்திருக்கும். கூட்டு என்று எழுதியவர்களில் ஒருவர் மட்டும் மன்னிப்புக் கேட்டார். மற்றவர்கள் வேறு வாட்ச் பற்றிப் பேசப் போய்விட்டார்கள். ஹெட் நர்ஸ் சாவியை மேசை மேல் வைத்து, "எடுத்துக்க மேரி" என்றார். எடுத்துக்கொண்டேன். ஆனால் முன்னைப்போல அது என் இடுப்பில் சாதாரணமாகக் கிடக்கவில்லை. இருக்கிறதா என்று அடிக்கடி கை போகிறது.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வாரங்களில் ஒரு நாள் என் அலமாரியில் இருக்கும் வாட்ச்களை எல்லாம் வெளியே எடுத்து வைத்துத் தேடினேன். துணியை மட்டும் சுற்றி அனுப்பிவிட்டேனோ, வாட்ச் இங்கேயே தங்கிவிட்டதோ என்று. கட்டிலுக்கு அடியிலும் பார்த்தேன். எல்லாரும் கேட்டுக் கேட்டு, என் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நீங்கள் ஒரு நிமிஷம்கூடச் சந்தேகப்படவில்லை. இதை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு என்ன செய்வது என்று தெரியாமல் போகிறது.

இந்த வேலையே இனி வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். குழுவில் மறுபடி கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால் தனியாகச் செய்ய மாட்டேன். பெட்டியில் வைக்கும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து படம் எடுக்க வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இங்கே வர முடியுமா? முதலில் வருகிற ஞாயிறு வாருங்கள். பச்சையம்மாள் அக்காவையும் கட்டாயம் அழைத்து வாருங்கள். அக்காவுக்கு வாட்ச் பிடிக்காவிட்டால் பரவாயில்லை, ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு நான் கூட்டிப்போகிறேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் காத்திருங்கள், நான் வந்துவிடுவேன்.

வரதராஜன்பேட்டையிலிருந்து வந்து அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறார்கள். பெரம்பலூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் சாப்பிட வருகிறார்கள் என்று சொன்னேன்.

"யாரு? ஆஸ்பத்திரி ஆளுங்களா?"

"இல்லம்மா."

"ஒறவுக்காரங்களா? நம்ம கோயிலுக்கு வர்றவங்களா?"

"இல்ல."

"பின்ன எப்புடிப் பழக்கம்? எங்க பாத்த அவங்கள?"

பார்த்ததில்லை என்று சொன்னால் அம்மா பயந்துவிடுவார்கள். வாட்ச் விற்றவர் என்று சொல்லவும் வரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நமக்குத் தெரிஞ்சவங்கம்மா" என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு, "அப்புடின்னா கோழி அடிக்கணும். நோன்பு வுட்டு ஈஸ்டர்தான் முடிஞ்சு போச்சே" என்று சொல்லிவிட்டு, அரைப்படி அரிசி அதிகமாக வாங்கச் சொன்னார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்துவிடுங்கள்.

அன்புடன்,
அடைக்கலமேரி